7600ஜிஆர் வானொலிப் பெட்டிக்காக சோனி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

சோனி நிறுவனத்தில் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

தொலைதூர நாடுகளின் ஒலிபரப்பைக் கேட்க உதவும் உங்களுடைய ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். 2001-இல் வந்த பெட்டி, 2018 வாக்கில் தயாரிப்பு நின்றது. எலக்ட்ரானிக்ஸ் சாமான்களில் ஒரே மாடல் இத்தனை வருஷம் கடையில் நின்று விற்றது சாதாரண விஷயமில்லை. நின்றதைவிட எனக்கு வருத்தம், அதன் இடத்தில் நீங்கள் வேறொன்றை வைக்காமல் போனதுதான்.

உங்கள் நிறுவனம் எங்கே தொடங்கியது என்பதை நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்தில் ஜப்பானில் மக்கள் சிற்றலை கேட்பதற்குத் தடை இருந்தது. 1945-இல் போர் முடிந்ததும் டோக்கியோ நிஹோன்பாஷியில், ஷிரோக்கியா கடைக் கட்டடத்தின் ஒரு சின்ன அறையில் மசாரு இபுகா வேலையை ஆரம்பித்தார். பழுதான ரேடியோக்களைச் சரிசெய்வது, மத்திய அலை (மீடியம் வேவ்) மட்டும் எடுக்கும் ரேடியோவில் சிற்றலையும் எடுக்கிற மாதிரி ஒரு இணைப்புக் கருவி செய்து கொடுப்பது, இதுதான் அந்த வேலை. வெளி உலகில் என்ன நடக்கிறது என்று அறிய ஜனங்கள் தேடி வந்தார்கள். ஆசாஹி பத்திரிகை அதைப் பற்றி எழுதியது. அந்தச் செய்தியைப் படித்துத்தான் அகியோ மொரிட்டா மறுபடி இபுகாவைத் தொடர்பு கொண்டார். மறு வருஷம் மே மாதம் இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சோனி. சிற்றலை உங்களுக்குப் பத்தோடு பதினொன்றாக வந்த சரக்கல்ல. உங்கள் முதல் வருமானத்தில் அதற்குப் பங்கு உண்டு.

அதற்குப் பிறகும் நீங்கள் அந்த வழியில் வெகுதூரம் போனீர்கள். 1970-களில் ஸ்கைசென்சர் ரேடியோ வரிசை ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளையே வெளிநாட்டு நிலையங்களைத் தேட வைத்தது. 1985-இல் வந்த ஐசிஎஃப்-2001டி பெட்டியை இன்றுவரை பூட்டி வைத்துப் பாதுகாக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தப் பெரிய பெட்டியில் இருந்த சிங்க் (ஒத்திசைவு) என்ற முக்கியமான வசதியை நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும், பையில் அடங்கும் பெட்டிக்குள் கொண்டு வந்ததுதான் 7600 வரிசையின் பெருமை.

அந்த வசதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மடலே அதற்காகத்தான். சிற்றலை, வானின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல பாதைகளில் நம்மிடம் வந்து சேர்கிறது. வழியில் சில நொடிகள், ஒலியைச் சுமக்கும் அடிப்படை அலையான ஊர்தி அலை மட்டும் மெலிந்துவிடும். அப்போது சாதாரண ரேடியோவில் பேச்சு உடைந்து கரகரத்துப் போகும், செய்தியில் முக்கியமான ஊர்ப்பெயரே காணாமல் போகும். உங்கள் பெட்டியில் சிங்க் வசதியைப் போட்டால், அது தானே ஓர் ஊர்தி அலையை உண்டாக்கி, வருகிற அலையோடு பூட்டிக்கொள்ளும். குரல் தெளிந்து நிற்கும். ஒலி, ஊர்தி அலையின் இருபுறமும் பக்கப்பட்டைகளாக வரும்; பக்கத்து அலைவரிசைக்காரர் இரைந்தால், மேல் பக்கப்பட்டையா கீழ் பக்கப்பட்டையா என்று தேர்ந்தெடுத்து, இரைச்சல் இல்லாத பக்கத்தை மட்டும் கேட்கலாம். கூட்ட நெரிசலில் நமக்கு வேண்டியவர் பேசுவதை மட்டும் காதருகே கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீடெல்லாம் இரைச்சல் கிளப்பும் இந்தக் காலத்தில், இந்த மாதிரி நல்ல பெட்டியின் தேவை முன்பைவிட அதிகம். சீன நிறுவனங்கள் இன்றைக்கு நல்ல பெட்டிகள் செய்கின்றன, அவர்களுக்கு நன்றி. ஆனால் சிங்க் விஷயத்தில் உங்கள் பெட்டி பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி எல்லாமே நிற்பதில்லை.

நிலையங்களே மூடப்படுகின்றனவே, பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நெதர்லாந்து வானொலி 2012-இல் சிற்றலையை விட்டது. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியோடு நிறுத்தியது. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் அதே 2017-இல் ஏப்ரலோடு முடிந்தது. தமிழ் நேயர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லி மாளாது.

ஆனாலும் எல்லாவற்றையும் இணையம் பார்த்துக்கொள்ளும் என்பதை நான் ஏற்கவில்லை. 1990-களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பொருளாதாரத் தடையால் பேட்டரியும் கிடையாது. சைக்கிளை நிறுத்தி வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவை ஓட்டித் தமிழோசைச் செய்தி கேட்டார்கள். தங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதையே அப்படித்தான் அறிய வேண்டியிருந்தது. இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் பிபிசி அந்தப் பகுதிக்காக இரண்டு புதிய சிற்றலை அலைவரிசைகளில் தினமும் நான்கு மணி நேரம் செய்தி ஒலிபரப்பியது. மறு வருஷம் சூடான் சண்டையின்போது அரபு மொழியில் அவசரச் சேவை தொடங்கியது. கோபுரத்தைச் சாய்த்தால் செல்போன் போய்விடும், கேபிளை வெட்டினால் இணையம் போய்விடும். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிற சிற்றலையை அடக்குவது அவ்வளவு சுலபமில்லை. அதைக் கேட்க ஆளுக்கொரு பெட்டி வேண்டும், அவ்வளவுதான்.

கைவிட்டதைத் திரும்ப எடுப்பது உங்களுக்குப் புதிதும் இல்லை. 1989-இல் நிறுத்திய இசைத்தட்டு அச்சடிப்பை 2018-இல் மறுபடி ஜப்பானில் தொடங்கினீர்கள். 2006-இல் நிறுத்திய ஐபோ ரோபோ நாயும் அதே 2018-இல் திரும்பி வந்தது. ரசிகர்களின் பிரியத்துக்கு நீங்கள் மதிப்புக் கொடுத்தீர்கள், சந்தோஷம். அந்த மதிப்பில் ஒரு பங்கைச் சிற்றலை நேயர்களுக்கும் கேட்கிறேன்.

சிங்க்கும், ஒரே பக்கப்பட்டையில் அனுப்பப்படும் ஒலிபரப்பைக் கேட்கும் ஒற்றைப் பக்கப்பட்டை வசதியும் உள்ள ஒரு கையடக்கப் பெட்டியைத் திரும்பக் கொண்டு வாருங்கள். வருஷா வருஷம் புது மாடல் கேட்கவில்லை, ஒன்று போதும். அது முடியாதென்றால், 7600ஜிஆரின் சுற்று வரைபடத்தையும் பழுதுபார்க்கும் கையேட்டையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி உங்கள் இணையதளத்திலேயே வையுங்கள். எந்தப் பெட்டியிலும் கெப்பாசிட்டர் காய்ந்துபோகும், ஏரியல் ஒடியும். அப்போது எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் அதைச் சரிசெய்ய அந்தத் தாள்கள் வேண்டும். உதிரிப் பாகங்கள் கிடங்கில் மிச்சம் இருந்தால் அவற்றையும் விற்பனைக்கு விடுங்கள். அப்புறம், அந்த சிங்க் சுற்றை வேறு யாராவது செய்ய முன்வந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டாவது அனுமதி கொடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
தமிழ்ச் சிற்றலை நேயர் ஒருவர்