செம்பு அரசனின் மாளிகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் பியூட் என்ற செம்புச் சுரங்க ஊரில் ஒரு மாளிகை இருக்கிறது, அதைப் பற்றி உங்கள் பயணப் பகுதியில் அவசியம் எழுத வேண்டும். சுரங்க முதலாளி வில்லியம் கிளார்க் 1884-ல் கட்டத் தொடங்கி 1888-ல் முடித்த வீடு, மொத்தம் 34 அறைகள். வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஓவியம் தீட்டிய கூரை, மேல்மாடியில் நடனக்கூடம் என்று விக்டோரியா காலத்துப் பகட்டு அத்தனையும் உண்டு. சரி, அழகுதான், ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் தரைக்கடியில் தூசியைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, வெட்டியெடுத்த செம்பு அது.

அப்புறம் கிளார்க்கின் அந்த செனட் பதவி! செனட் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை, அதன் உறுப்பினர்களை அப்போது மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்து ஜெயித்தார் என்று விசாரணை நடந்து, 1900-ல் ராஜினாமா செய்தார். அடுத்த வருடமே திரும்பவும் செனட்டர் ஆகிவிட்டார். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1913-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதற்கு இந்த விவகாரமும் ஒரு காரணம். அதே மாளிகை இப்போது விடுதி, காசு கொடுத்தால் யாரும் தங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை