கொழுக்குமலைக்கு ஜீப் ஆம்புலன்ஸ் கேட்டு மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்: தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கொழுக்குமலை, போடிநாயக்கனூர் வட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், தேனி.

பொருள்: நோயாளிகளை இறக்க ஜீப் ஆம்புலன்ஸ் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பும் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். ரசீது கையில் இருக்கிறது, பதில்தான் வரவில்லை.

1. எங்கள் மலையின் நிலை தாங்கள் அறிந்ததே. கிட்டத்தட்ட 8,000 அடி உயரம். தேனி மாவட்டம்தான், ஆனால் வண்டி ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியில் இருந்துதான். போடிக்கு வர பூப்பாறை, போடிமெட்டு என்று சுற்றி, 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். குரங்கணி வழி காட்டுக்குள் நடைபாதை மட்டுமே.

2. எங்களுக்குப் பெரிய துன்பம் ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போவதுதான். 108-க்குப் போன் செய்தால் அந்த வண்டி இந்தப் பாதையில் ஏறாது. சூரியநெல்லியில் ஜீப் சொல்லி, அது மேலே ஏறி வந்து, அப்புறம் இறங்க வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தது. பின் சீட்டில் கம்பளியை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தோம். ஒவ்வொரு பாறையிலும் சக்கரம் ஏறி விழும்போது அவள் கதறினாள். மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். சரிந்து கிடந்த கல்லை டிரைவர் இறங்கிப் புரட்டினார். பிள்ளை வழியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம். அடுத்தவளுக்கு என்ன ஆகும் ஐயா?

3. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கினார்கள். ஹெலிகாப்டர் வரைக்கும் வந்தது. வர வேண்டியதுதான், அவை உயிர்கள். எங்கள் உயிரும் உயிர்தானே?

4. விடியலில் சூரிய உதயம் பார்க்க வரிசையாக ஜீப்புகள் ஏறுகின்றன. அந்தப் பாதையில் ஒரு அரசு ஜீப் ஏற முடியாதா? இன்னும் எத்தனை முறைதான் எழுதுவது? மனு கொடுக்க வருவதற்கே ஒருநாள் கூலி போகிறது.

தார் ரோடு கேட்கவில்லை. காட்டு அனுமதி, மாநில எல்லை என்று அதில் சிக்கல் உண்டு என்பது புரிகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்று, ஸ்ட்ரெச்சரும் ஆக்ஸிஜனும் வைத்து, இரவில் மேலேயே நிற்க வேண்டும். கூடவே ஒரு நர்ஸ். தயவுசெய்து இந்த மழைக்கு முன்பே உத்தரவிடுங்கள் ஐயா. மாத முடிவில் இன்னொரு பெண்ணுக்குப் பேறுகாலம்.

இப்படிக்கு,
கொழுக்குமலைத் தொழிலாளர்கள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)