எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்

ஜெனரேட்டர், புல்வெட்டும் மெஷின், செயின்சா, பவர் ஸ்பிரேயர், தண்ணீர் பம்ப் என்று சின்ன பெட்ரோல் இன்ஜின் வைத்த கருவிகளை விற்கிற, வாடகைக்கு விடுகிற, பழுது பார்க்கிற எல்லோருக்கும் வணக்கம்.

புயலுக்கு அப்புறம் கரண்ட் வராத ஒரு சமயத்தில் என் அக்கா வீட்டில் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். கொடுத்தவர் பொறுப்பான ஆள்தான். எத்தனை லைட், எத்தனை ஃபேன், ஃபிரிட்ஜ் உண்டா என்று விசாரித்து, அதற்குத் தகுந்த மெஷினாகப் பார்த்துக் கொடுத்து, சோக்கை எப்போது இழுப்பது, எப்போது திரும்பத் தள்ளுவது என்றெல்லாம் காட்டிவிட்டுப் போனார். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வெளியே வைத்தால் திருட்டுப் போகுமோ என்ற பயம் வேறு. அதனால் பின்கதவுக்கு உள்ளே இருந்த நடையில் வைத்து, புகை போகட்டும் என்று கதவையும் ஜன்னலையும் திறந்து விட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அக்காவுக்குத் தலைவலி, பையனுக்கு வாந்தி, மாமாவுக்குக் காலில் பலமே இல்லை. அலைச்சல், தூக்கமின்மை என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். தற்செயலாக வந்த ஒரு உறவினர் மூன்று பேரையும் வெளியே இழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார்கள்.

என் அக்கா கவனமில்லாத ஆள் இல்லை. மழையில் மெஷின் நனையக்கூடாது, காணாமல் போகக்கூடாது என்று கவனமாக இருந்ததால்தான் அதை உள்ளே கொண்டுவந்தாள். உங்களிடம் மெஷின் வாங்குபவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் யோசிப்பார்கள் என்பது என் எண்ணம். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர்களைப் படுக்க வைத்தது இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் காற்றில் கொஞ்சமே இருந்தாலும் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தாலும், சேர்ந்ததில் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுப்பது அதற்காகத்தான். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று காய்ச்சல் வரப்போவது மாதிரியே ஆரம்பிக்கும், ஆனால் உடம்பு சுடாது. ஆபத்து என்று புரிகிற நேரத்தில் எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. ஒரு சின்ன ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு இந்த வாயுவை விடக்கூடும் என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பது இதற்குப் போதவே போதாது.

வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். போர்டிகோ, கார் ஷெட், படிக்கட்டுக்குக் கீழே, பால்கனி எல்லாமே இந்தக் கணக்கில் உள்ளேதான். ஆனால் இதை மட்டும் சொல்லி அனுப்பினால் மழை வந்ததும் மெஷின் மறுபடி உள்ளே வந்துவிடும். அதனால் நாலு பக்கமும் திறந்த ஒரு கூரை, தரையிலிருந்து உயர்த்தி வைக்க ஒரு மேடை, பூட்டி வைக்க ஒரு சங்கிலி, தூரம் எட்டுகிற நல்ல கனமான வெளிப்புற ஒயர், இவற்றையும் சேர்த்து வாடகைக்குக் கொடுங்கள். தூங்கும் அறைக்குப் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கொடுத்தால் இன்னும் நல்லது. வாயு கூடினால் தானாக நின்றுவிடும் ஜெனரேட்டர்கள் இப்போது வருகின்றன, புதிதாக வாங்கும்போது அவற்றையே வாங்குங்கள். ஆனால் அது இருக்கிறது, உள்ளே வைக்கலாம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். ராத்திரி பத்து மணிக்கு மெஷின் நின்றுபோகும், வீடே இருட்டு, குழந்தை அழும், உடனே ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் கேனை எடுத்துக்கொண்டு ஓடுவார். அந்த நேரத்தில் சைலன்சர் தொட முடியாத சூட்டில் இருக்கும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகிற பொருள், காற்றில் ஒன்றரை சதவீதம் ஆவி கலந்தாலே போதும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்தில் எரியும் அடுப்பையோ கேஸ் ஹீட்டரின் சின்னச் சுடரையோ தேடிப் பிடிக்கும். இன்ஜினை நிறுத்தி, குறைந்தது கால் மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் ஊற்ற வேண்டும். இருட்டுவதற்கு முன்பே ஒருமுறை நிறுத்தி நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள், பாதி ஆபத்து அங்கேயே போய்விடும்.

லைன்மேன்களின் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு முனையிலும் பின் வைத்த ஒயரைச் செய்து, ஜெனரேட்டரை நேராகச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகி வீடு முழுக்கக் கரண்ட் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது, தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து, பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து மெயின் லைனுக்குப் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி கம்பத்தில் ஏறியிருப்பவரை அது கொல்லும். அந்த மாதிரி ஒயர் கேட்டு வருபவருக்குச் செய்து கொடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து, லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டுக்குள் விடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஒயர் இழுத்து நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டிக்கொள்ளட்டும்.

புல்வெட்டும் மெஷின் விஷயத்தில் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு வருத்தம் உண்டு. கைப்பிடியில் இருக்கும் லீவரை விட்டால் பிளேடு நிற்க வேண்டும், 3 விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982லிருந்து விதியே இருக்கிறது. எத்தனையோ பேரின் விரல் போன பிறகு வந்த ஏற்பாடு அது. "பிடித்துக்கொண்டே இருந்தால் கை வலிக்கிறது" என்று யாராவது கேட்டதற்காக அந்த லீவரைக் கம்பி வைத்துக் கட்டிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளேடில் புல் சிக்கினால் முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் கையைப் பிடித்துக் காட்டுங்கள். இன்ஜின் நின்றிருந்தாலும் பிளேடைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் சேர்ந்து அசையும், உள்ளே மிச்சம் இருக்கும் பெட்ரோல் ஒரே ஒரு தடவை பற்றிக்கொண்டால் போதும், விரல் போய்விடும்.

செயின்சா வாடகைக்குக் கொடுக்கும்போது காது அடைப்பானையும் சேர்த்தே கொடுங்கள். அது போடும் சத்தம் 110 டெசிபல் பக்கம் வரும், 85ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக் மெஷினாக இருந்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் என்று டேங்க் மூடிக்குப் பக்கத்திலேயே பெயின்டில் எழுதி விடுங்கள். 50க்கு 1 என்று சொன்னால் பலருக்குப் புரியாது, லிட்டருக்கு 20 மில்லி என்றால் புரியும்.

வேலை முடிந்து மூலையில் வைத்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. மிச்சப் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அடுப்படி அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், தாகத்தில் ஒரு குழந்தை அதை எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பெட்ரோலுக்கென்றே செய்த, இறுக்கமாக மூடும் கேனில், வீட்டுக்கு வெளியே, நிழலில், பூட்டிய இடத்தில்தான் வைக்க வேண்டும். கேனைக் கழுத்து வரை நிரப்பக்கூடாது, 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 400 மில்லி பெருகும், அதற்கு இடம் வேண்டும். நிரப்பும்போது கேன் வண்டியில் இருக்காமல் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உராய்வில் சேரும் மின்சாரம் போக வழியில்லாமல் பொறி தட்டலாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி பெட்ரோல் எடுப்பதை மெக்கானிக்குகளே சாதாரணமாகச் செய்கிறார்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் நிமோனியா மாதிரி படுக்க வைத்துவிடும். விழுங்கிவிட்டவரை வாந்தி எடுக்கவும் வைக்கக்கூடாது, அப்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் போகும், நேராக டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் மெஷின் சும்மா கிடக்கப் போகிறது என்றால் இன்ஜின் ஆறியதும் டேங்கைக் காலி செய்துவிட்டு, அப்புறம் திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்து கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிடுவது நல்லது. பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி, கார்பரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். இதைச் சொன்னால் உங்களுக்குச் சர்வீஸ் வருமானம் குறையலாம், இருந்தாலும் சொல்லுங்கள். ஏனென்றால் புயல் ராத்திரியில் ஸ்டார்ட் ஆகாத மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்தான் அவசரத்தில் கார்பரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுக்கிறார், முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்.

இதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை, வாடகை மெஷினோடு புத்தகம் வருவதும் இல்லை. உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள், ஏனென்றால் மெஷினைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அந்த நேரத்தில் நீங்கள்தான். பத்து நிமிஷம் ஆகும். வரிசையில் பத்துப் பேர் நிற்கிற நாளில் பத்து நிமிஷம் இல்லையென்றால், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்ற கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். "உள்ளேதான், மழை பெய்கிறதே" என்று பதில் வந்தால், கூரையையும் சங்கிலியையும் ஏற்றாமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் மெஷின் எடுக்க வரும் ஒருவன்