பாதி சீசனில் கணக்கை மூட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு முதலில் நன்றி. ஆனால் அதன் கடைசிப் பத்தி எனக்கு ஒப்பவில்லை. ‘பை’ என்கிற ஓய்வு வாரம் வரும்போது பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடக்கும் அணியின் ரசிகர்கள் அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம் என்ற பொருளில் கட்டுரையாளர் முடித்திருந்தார். என் மகள் அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் “2023?” என்று எழுதி வைத்திருந்தாள். அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதம்.

நாங்கள் கார்ல்டன் அணியின் பக்கம். மெல்போர்னுக்கு வந்த புதிதில் அலுவலகத்தில் என்னிடம் முதலில் கேட்டது பெயர், இரண்டாவதாகக் கேட்டது “எந்த டீம்?” என்பதுதான். அப்போது பதில் இல்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கருநீல ஸ்கார்ஃபுடன் வந்த நாளில் பதில் கிடைத்தது. அதிலிருந்து வருடா வருடம் ஜூன் மாதத்தில் ஒரு வேலை செய்கிறோம். ஊரிலிருந்து வரும் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, அவற்றின் பின்பக்கத்தில் மீதமுள்ள ஆட்டங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே வெற்றி, தோல்வி என்று ஆளுக்கொரு கணிப்புப் போடுவோம். செப்டம்பர் வரை அது ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருக்கும்.

2023 ஜூனில் நீள்வார இறுதியில் எஸ்ஸென்டனிடம் தோற்ற இரவு அந்தத் தாளை எழுதினோம். அதுவரை 13 ஆட்டங்கள். 4 வெற்றி, 8 தோல்வி, ஒரு டிரா. 18 அணிகளில் 15-ஆவது இடம். பயிற்சியாளர் மைக்கேல் வாஸை அனுப்பிவிட வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மீதி 10 ஆட்டங்களில் நான் 4 வெற்றி போட்டேன், மகள் 6 போட்டாள். நடந்தது, தொடர்ச்சியாக 9 வெற்றி. போர்ட் அடிலெய்டு அணி அப்போது 13 ஆட்டங்கள் வரிசையாக வென்று வந்துகொண்டிருந்தது. யோசிக்காமலே அதற்கு எதிரே தோல்வி என்று எழுதியிருந்தேன். 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். பட்டியலில் முதலிடத்தில் இருந்த காலிங்வுட்டையும் 17 புள்ளியில் ஜெயித்தோம். ஐந்தாம் இடத்தில் முடித்து, 2013-க்குப் பிறகு முதல் தடவையாக ஃபைனல்ஸ் போனோம் (அப்போது பட்டியலின் முதல் எட்டு அணிகளுக்கு மட்டுமே அந்தக் கடைசிக் கட்டத்தில் இடம்). சிட்னியை 6 புள்ளியில், மெல்போர்ன் அணியை 2 புள்ளியில் தாண்டி, பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் அரையிறுதி மாதிரியான அந்தக் கடைசிப் படியில்தான் தோற்றோம். முதல் ஐந்து கோலும் எங்களுடையது. அந்த இரவைப் பற்றி இன்னும் என்னால் நிதானமாகப் பேச முடியாது, அதனால் விட்டுவிடுகிறேன்.

பிறகு அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் பார்த்தேன். எங்கள் கணிப்பு ஏன் அவ்வளவு தப்பியது? அந்த 10 ஆட்டங்களில் வெஸ்ட் கோஸ்ட் இருந்தது. அந்த வருடம் அது கடைசி இடம். ஹாதோர்ன் 16-ஆவதாக முடித்தது. 15-ஆவதாக முடித்த கோல்ட் கோஸ்ட்டை இரண்டு தடவை சந்திக்க வேண்டியிருந்தது. கீழ்வரிசை அணிகளோடு மட்டுமே நான்கு ஆட்டங்கள்! பட்டியலையும் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வலியையும் பார்த்து எழுதினோமே தவிர, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்து எழுதவில்லை.

உங்கள் கட்டுரையாளரும் பட்டியலை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இந்த லீக்கில் 18 அணிகள், ஓர் அணிக்கு 23 ஆட்டங்கள். மற்ற 17 அணிகளையும் ஒரு முறை சந்திப்பது போக, மீதி 6 ஆட்டங்கள் அவற்றில் ஆறு அணிகளோடு இரண்டாவது முறை. அந்த ஆறு பேர் யார் என்பது அணிக்கு அணி மாறும். அதனால் ஜூன் மாதத்தில் ஒன்பதாம் இடமும் பன்னிரண்டாம் இடமும் ஒரே அளவுகோலால் அளந்தவை அல்ல. ஓர் அணி வலுவான எதிரிகளை எல்லாம் முன்பாதியிலேயே முடித்திருக்கும். இன்னோர் அணிக்கு அவர்கள் ஆகஸ்டில் காத்திருப்பார்கள். பெர்த்துக்குப் போக மெல்போர்னிலிருந்து நான்கு மணி நேர விமானம். அங்கே ஆடிவிட்டு ஐந்தாறு நாளில் மறுபடி இறங்கும் அணியும், எட்டு நாள் ஓய்வெடுத்த அணியும் ஒன்றா? காயத்திலிருந்து யார் எந்த வாரம் திரும்புகிறார்கள் என்பதும் உண்டு. இதையெல்லாம் பார்க்காமல் கணிப்புச் சொல்வது, ஜாதகக் கட்டத்தில் ஒரே ஒரு கிரகத்தைப் பார்த்துப் பலன் சொல்கிற மாதிரி.

அப்புறம் சதவீதம். ஓர் அணி போட்ட புள்ளிகளை, எதிரணிகள் அதற்கு எதிராகப் போட்ட புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. வெற்றிக்கு 4, டிராவுக்கு 2 என்று பட்டியலில் சேரும் புள்ளிகள் சமமானால் இதுதான் முடிவு செய்யும். 2022-இல் முதல் 10 ஆட்டங்களில் 8 வெற்றி எங்களுக்கு. அந்த ஜூனில் எங்கள் தாளில் ஃபைனல்ஸ் உறுதி என்று பெரிதாக எழுதி வட்டமே போட்டிருந்தோம். கடைசி நான்கு ஆட்டமும் தோல்வி. மெல்போர்னிடம் 5 புள்ளியில், காலிங்வுட்டிடம் ஒரே ஒரு புள்ளியில். எட்டாம் இடத்துக்கு நாங்களும் வெஸ்டர்ன் புல்டாக்ஸும் தலா 12 வெற்றியோடு நின்றோம். அவர்கள் சதவீதம் 108.9, எங்களுடையது 108.3. அவ்வளவுதான், வெளியே. ஏப்ரலிலோ மேயிலோ ஏற்கெனவே கைவிட்டுப்போன ஓர் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் அடித்திருக்க வேண்டிய சில கோல்கள்தான் அந்த இடைவெளி. அதிலிருந்து, 40 புள்ளி பின்னால் இருக்கும்போதுகூட என் மகள் சைரன் அடிக்கும் வரை மைதானத்தை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

2024-ஐயும் சொல்ல வேண்டும். ஜூன் முடிவில் நாங்கள் இரண்டாம் இடம். பின்பாதியில் காயப் பட்டியல் நீண்டு, ஃப்ரீமேன்டில் தன் கடைசி ஆட்டத்தில் தோற்றதால் எட்டாவதாக ஒட்டிக்கொண்டோம். சிட்னி முதல் 14 ஆட்டங்களில் 13 வென்றது. செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எம்.சி.ஜி. மைதானத்தில் நடந்த இறுதிப்போட்டியில் 60 புள்ளியில் தோற்றதும் அதே சிட்னிதான். அவர்களை வீழ்த்திய பிரிஸ்பேன், அந்த வருடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற அணி. ஐந்தாம் இடத்திலிருந்து, எங்களையும் வழியில் ஏறி மிதித்துவிட்டு, கோப்பையை எடுத்தார்கள். 2019-இல் ரிச்மண்ட் 7 வெற்றி, 6 தோல்வி என்று ஓய்வு வாரத்துக்குப் போனது. அதற்கப்புறம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

பாதியில் பின்தங்கிய எல்லா அணியும் மேலே வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான வருடங்களில் கீழே இருப்பவர்கள் கீழேயேதான் இருக்கிறார்கள். 2023-இன் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு யாரும் நம்பிக்கை கொடுத்திருக்க முடியாது. ஆனால் எந்த அணி எழும், எந்த அணி எழாது என்பதற்கான தடயங்கள் பட்டியலில் இல்லை. அடுத்த பத்து வாரங்களின் அட்டவணையில் இருக்கின்றன. வாரா வாரம் பார்க்கிற ரசிகருக்கு அவை தெரியும். உங்கள் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த விளையாட்டை வீட்டில் சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் கிடையாது. அச்சில் வருவதைத்தான் நம்புவார்கள். அவர்களிடம் ஜூன் மாதத்திலேயே “போதும், எழுந்து வா” என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அரைப்பக்கம் ஒதுக்கி, 18 அணிகளுக்கும் மீதமிருக்கும் ஆட்டங்களை அச்சிடுங்கள். எதிரணி யார், எந்த ஊர், முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு எத்தனை நாள் ஓய்வு, இப்போதைய சதவீதம் என்ன. இவ்வளவு போதும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதிக்கொள்ள இரண்டு வெற்றுக் கட்டங்கள் மட்டும் விடுங்கள். ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு. அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோபர்க், மெல்போர்ன்.