கழுத்தை யார் கையிலும் கொடுக்காதே

அன்பு மகனுக்கு,

முடி வெட்டின கையோடு சலூன்காரர் தலையைப் பிடிச்சு 'டக்'னு திருப்பி நெட்டி எடுத்தார், கழுத்துவலி போன இடம் தெரியலைன்னு போனில் சந்தோஷமாச் சொன்னே. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரலை. நர்ஸா ஆஸ்பத்திரி வார்டிலேயே ஆயுசில் பாதியைக் கழிச்சவளுக்கு அந்த 'டக்' வேற மாதிரித்தான் கேக்கும்.

எலும்பு இடத்தில் போய் உக்கார்ற சத்தம் இல்லைய்யா அது. மூட்டுக்குள்ள இருக்கிற நீரில் வாயுக்குமிழி உண்டாகிற சத்தம். அதில் ஒண்ணும் இல்லை. நான் பயப்படுறது ரத்தக்குழாய்க்கு. கழுத்தெலும்புகளில் இருக்கிற துளைகள் வழியாத்தான் பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு தமனி மூளையின் பின்பக்கம் போகுது. வெடுக்னு திருப்பினா அதோட உள்சுவர் கிழியலாம். கிழிஞ்ச இடத்தில் ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். சின்ன வயசுக்காரங்களுக்கும் வரும். 1993-லேயே ஒரு அமெரிக்க நரம்பியல் டாக்டர், பார்லரில் தலை அலச கழுத்தைப் பின்னால சாய்ச்சு வச்ச ஐந்து பேருக்கு இப்படி ஆனதை எழுதியிருக்கார். அபூர்வம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒரு சொடக்குக்காக அந்த அபூர்வத்தை ஏன் தேடிப் போகணும்?

சில நாள் கழிச்சுகூட அறிகுறி காட்டலாம். கழுத்திலோ பிடரியிலோ இதுவரை வராத மாதிரி வலி, தலைசுற்றல், ரெண்டு ரெண்டா தெரியிறது, நடை தள்ளாடுறது, பேச்சு குழறுறது, இதில் எது வந்தாலும் படுத்துப் பார்க்கலாம்னு இருக்காதே. உடனே 108. ரத்த உறைவைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்.

மசாஜே கூடாதுன்னு சொல்ல வரலை. 2017-ல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒண்ணு, புதுசா வந்த முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன்னால சூட்டு ஒத்தடம், மசாஜ் மாதிரி வழிகளைப் பார்க்கச் சொல்லிச்சு. தசை இளகும், நல்லாத் தூக்கம் வரும். அந்தச் சுகம் கொஞ்ச நாளைக்குத்தான். நாள் முழுக்க லேப்டாப்பில் குனிஞ்சே கிடந்தா வலி திரும்பி வராம என்ன செய்யும்? உடம்பில் உள்ள நஞ்செல்லாம் வெளியேறிரும்னு ஸ்பாக்காரங்க சொல்றதை நம்பாதே. அது வியாபாரம்.

குற்றாலத்துக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போயி காலை நல்லா உருவி விடச் சொல்லலாம்னியே, அது இப்ப வேண்டாம். அப்பாவுக்கு இப்பத்தானே மூட்டு மாத்தினாங்க, அதுக்குப் பிறகு சில வாரம் காலின் உள்ளே இருக்கிற ரத்தக்குழாயில் ரத்தம் உறையிற வாய்ப்பு அதிகம். அது தெரியாம கெண்டைக்காலைப் பிசைஞ்சா அந்த ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைச்சிரலாம். டெல்லியில் ஒரு பையன், கால்கட்டுப் பிரிச்ச பிறகு பெத்த தாய் எண்ணெய் போட்டு நீவிவிட்டதில் இப்படித்தான் போயிட்டான். படிச்சப்போ வயிறு கலங்கிச்சு. அப்பாவுக்கு வலது கால் வீங்கினதால நேத்து ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். கட்டி இல்லை, பயப்படாதே. ஆனாலும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஓடுது. அழுத்தித் தேய்ச்சா கன்றிப்போகும்னு டாக்டர் வேண்டாம்னுட்டார்.

நீ குற்றாலத்தில் தாராளமா எண்ணெய் மசாஜ் எடுத்துக்கோ. முதுகு, தோள், கால்னு ஆசை தீரத் தேய்க்கச் சொல்லு. கை தலைக்கு வந்தா மட்டும், "அண்ணாச்சி, நெட்டி எடுக்க வேண்டாம்"னு முன்கூட்டியே சொல்லிரு. கோவிச்சுக்க மாட்டாங்க.

சீசன் ஆரம்பிச்சாச்சு. பொதிகை ரயிலில் சீக்கிரம் டிக்கெட் போடு, அப்புறம் கிடைக்காது.

அம்மா
தென்காசி