முதலில் இரண்டு பேர் நடக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய விளையாட்டுத் திட்டத்தை வரி விடாமல் வாசித்தேன். ஏழு இராச்சியங்களையும் அவற்றின் வம்சாவளிகளையும், மந்திரங்களின் வகைகளையும், ஆயுதங்களின் விலைப்பட்டியலையும் பார்த்து உன் உழைப்பை நினைத்துப் பெருமைப்பட்டேன். நெடுந்தீவுக் குதிரைகள் கடலைக் கடந்து வரும் பகுதியை அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறாள். கதை உனக்கு வருகிறது, பிள்ளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அத்தனை பக்கங்களிலும் ஒன்று இல்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்றால் என்ன நடக்கும் என்று நீ எங்கும் எழுதவில்லை. தனி ஒருவர் ஆடும் விளையாட்டாக முதலில் செய்து முடித்துவிட்டு, கடைசியில் அதை ஒன்லைனாக மாற்றலாம் என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறாய். இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒரு வரிதான் உன் திட்டத்திலேயே மிகக் கடினமான வேலை. அதைக் கடைசிக்குத் தள்ளினால் அதுவரை எழுதிய நிரலில் பெரும்பகுதியைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

ஏனென்றால், தனி விளையாட்டில் உன் கணினி சொல்வதுதான் உண்மை. பலர் சேர்ந்தால் யார் சொல்வது உண்மை என்ற கேள்வி எழும். நம் ஒழுங்கையில் நீங்கள் கிளித்தட்டு ஆடிய நாட்களில் எத்தனை சண்டை வந்திருக்கும்! தொட்டேன் என்று ஒருத்தி, தொடவே இல்லை என்று இன்னொருத்தி. நடுவில் நிற்பவர் ஒருவரின் சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டால்தான் ஆட்டம் நகரும். ஒன்லைன் விளையாட்டில் அந்த நடுவர்தான் சேர்வர், எல்லோருடைய கணினிகளும் இணையும் நடுக் கணினி. விளையாடுபவரின் கணினி ‘நான் இப்போது கோயில் வாசலில் நிற்கிறேன்’ என்று அறிவிக்கக் கூடாது. ‘வடக்கே ஓர் அடி வைக்க விரும்புகிறேன்’ என்று கேட்கத்தான் வேண்டும். வழியில் சுவர் இருக்கிறதா, அவ்வளவு வேகமாக நடக்க முடியுமா என்று சேர்வர் பார்த்து அனுமதிக்கும். வாள் வீச்சும் அப்படித்தான், பணமும் அப்படித்தான். விளையாடுபவரின் கணினியில் இருக்கும் எதையும் அவர் மாற்றிவிடலாம் என்று எண்ணியே நிரலை எழுது.

அடுத்தது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நாங்கள் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நீ இருக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே பூமியின் மிகக் குறுகிய வழியிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு செய்தி போய்த் திரும்ப 130 மில்லிசெக்கனுக்குக் குறைய வழியே இல்லை. கடலடிக் கேபிள்கள் நேராகப் போவதில்லை, இடையில் எத்தனையோ சந்திகள். ஆகவே உண்மையில் இன்னும் கூடுதலாகவே ஆகும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்தத் தாமதத்தை முழுமையாக ஒழிக்க முடியாது. அதை ஏற்றுக்கொண்டு விளையாட்டை வடிவமைப்பதுதான் புத்தி. 2001இல் வெளிவந்த ரூன்ஸ்கேப் என்ற ஒன்லைன் விளையாட்டு இன்றும் ஓடுகிறது. அதன் உலகம் 0.6 செக்கனுக்கு ஒருமுறைதான் ஓர் அடி முன்னே நகர்கிறது. அந்த இடைவெளிக்குள் தூரத்திலிருப்பவரின் கட்டளையும் வந்து சேர்ந்துவிடும். உன் திட்டத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் அம்பைத் தடுக்கும் சண்டைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, யோசித்து மந்திரம் தேர்ந்தெடுக்கும் ஆறுதலான சண்டையாக மாற்று. இங்கே இருக்கும் உன் தம்பியும் அங்கே இருக்கும் நீயும் சமமாக ஆட அதுதான் வழி. நடப்பதை மட்டும் உன் திரையில் உடனே காட்டலாம். பின்னர் சேர்வர் மறுத்தால் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார். நீ எனக்கு ஒரு வாளைத் தருகிறாய், நான் உனக்கு நூறு பொற்காசு தருகிறேன். சேர்வர் முதலில் உன் கணக்கிலிருந்து வாளை எடுக்கிறது. என் கணக்கில் சேர்ப்பதற்குள் இயந்திரம் நின்றுவிடுகிறது. வாள் யாரிடமும் இல்லை. வரிசையை மாற்றி முதலில் என் கணக்கில் சேர்த்துவிட்டு அந்த இடத்தில் நின்றால், ஒரே வாள் இரண்டு பேரிடம் இருக்கும். இது முன்னதை விட மோசம். வழியைக் கண்டுபிடித்த ஒருவன் ஒரே இரவில் ஆயிரம் வாள் செய்துவிடுவான், சந்தையில் அதற்கு மதிப்பே இருக்காது. ஆகவே எடுப்பதும் சேர்ப்பதும் பொற்காசு கைமாறுவதும் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையாக நடக்க வேண்டும். நடந்தால் முழுவதும், இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கின்றன. உன் விளையாட்டின் சொத்து விவரங்களை வெறும் கோப்புகளில் எழுதி வைக்காதே.

ஆயிரக்கணக்கானோர் ஆடும் உலகம் என்று எழுதியிருக்கிறாய். ஒரே இடத்தில் பத்துப் பேர் நின்று, ஒவ்வொருவரின் அசைவையும் மற்ற ஒன்பது பேருக்கும் சொல்வதென்றால் 90 செய்திகள். நூறு பேர் என்றால் 9,900. அருகில் நிற்பவர்களுக்கு மட்டும் அனுப்பும் உத்திகள் உண்டு, நேரம் வரும்போது படிக்கலாம். இப்போதைக்கு நான்கு பேருக்குத் திட்டமிடு. இந்த வகை விளையாட்டுகளுக்கு வழி காட்டியதே ஒரு சின்ன முயற்சிதான். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான றோய் ட்ரப்ஷா தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த உலகத்தில் ஒரு படம்கூட இல்லை, எழுத்து மட்டும்தான். அறைகளின் வர்ணனையை வாசித்தபடியே ஆட்கள் ஒன்றாக அலைந்தார்கள். அதனால் நீயும் ஓவியங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். வட்டங்களும் சதுரங்களும் போதும்.

ஏழு இராச்சியங்களைக் கைவிடச் சொல்லவில்லை. ஒன்றையே எடு என்கிறேன், அதிலும் ஒரே ஊரை. என் ஆசையைக் கேட்டால், நிலாவரைக் கிணற்றைச் சொல்வேன். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், இராமர் அம்பு விட்டு உண்டாக்கினார் என்ற கதை. கீழே இறங்க இறங்க வேறு வேறு உலகங்கள் வருவதற்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? குதிரை முகம் கொண்ட இளவரசி கீரிமலையில் நீராடி முகம் மாறிய கதையும் உனக்குத் தெரியும். சாபத்தோடு தொடங்கி அது நீங்கும் வரை அலையும் ஒரு பாத்திரமாக அவளை நீ எழுதினால் எவ்வளவு அழகாக இருக்கும்! டிராகன்களை எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள், பிள்ளை. இதை நீதான் செய்ய வேண்டும்.

உலகத்தின் விதிகளையும் அதிகம் சிக்கலாக்காதே. 1997இல் வெளிவந்த அல்டிமா ஒன்லைன் என்ற விளையாட்டுக்கு, புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும் என்று ஒரு முழு உயிர்ச்சூழலையே அமைத்திருந்தார்கள். ஆட வந்தவர்கள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கொன்று தீர்த்தார்கள்; விலங்குகள் பெருகும் வேகத்தை விட அவர்கள் கொல்லும் வேகம் கூடுதல். கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட நேர்ந்தது. மனிதர் என்ன செய்வார்கள் என்பதை நான்கு பேரை ஆடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விளையாட்டைச் செய்யும் மென்பொருளைப் பொறுத்தவரை கொடோ (Godot) நல்லது என்று நினைக்கிறேன். இலவசம், திறந்த மூலம், பாரமில்லாதது. அதன் நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகள் ஒழுங்காக இணைந்து தெரிகின்றன; ‘கொ’ உடைந்து கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதில்லை. வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளே ஒரு தமிழ் வசனத்தைத் திரையில் எழுதிப் பார்.

சேர்வருக்கு மாத வாடகை உண்டு. ஆட வருபவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால் வேலையை விடும் எண்ணம் வேண்டாம். சனி, ஞாயிறும் மாலை நேரமும் போதும். அரட்டை வசதி வைக்கும்போதே, தொல்லை தருபவரைத் தடுக்கும் பொத்தானையும் முறையிடும் வழியையும் சேர்த்து வை. சின்னப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை யாரும் நோகச் செய்ய இடம் கொடுக்காதே. இதில் மட்டும் நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

முதற்கட்டம் இவ்வளவுதான்: ஒரு முற்றம், அதில் இரண்டு புள்ளிகள், இரண்டையும் இரண்டு கணினிகள் நகர்த்த வேண்டும். ஒருவர் எழுதுவதை மற்றவர் வாசிக்க வேண்டும். சேர்வரை நிறுத்தித் திரும்ப இயக்கினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இது ஆனதும் கொடுக்கல் வாங்கலைச் சேர்.

அதை எங்களுக்கு அனுப்பு. நானும் தம்பியும் இங்கிருந்து ஆடுகிறோம். உங்கள் ஊர் இணையத்தில் தெரியாத தாமதம் எங்கள் பக்கம் தெரியும். வாளை மாற்றிக்கொள்ளும் நடுவில் வேண்டுமென்றே இணைப்பைப் பிடுங்கிப் பார்க்கிறேன். எந்த நேரத்தில், எந்தப் படியில் பிடுங்கினேன் என்று ஒவ்வொரு முறையும் குறித்து அனுப்புகிறேன். நீ உன் சேர்வரின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார். அதற்கு வசதியாக ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைப் பதியும்படி இப்போதே எழுதி வை.

அன்புடன்,
அப்பா