பாஸ்டனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே சிங்கப்பூரில் எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம், பாலிகிளினிக்கில் சொன்னார்கள். தம்பிக்குப் பொங்கோல் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது, தரை ஓடு போடுகிறார்கள். சின்ன மாமி குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாள், பயப்பட ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இதை மின்னஞ்சலில் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

போன தடவை வீடியோவில் பேசினபோது உனக்குப் பின்னால் இருந்த அலமாரி காலியாக இருந்தது. கேட்டதற்கு "ஒழுங்குபடுத்துறேன்மா" என்றாய். மேல் தட்டில் எப்போதும் நிற்குமே, சுருள் கம்பி போட்ட அந்த நீல அட்டைச் சட்ட மேற்கோள் விதிப் புத்தகம், அதையும் காணோம். சரி, படிப்பு வருஷக் கடைசி, நீ சட்ட எழுத்து சொல்லிக்கொடுக்கிற லா காலேஜ் மூடுகிற நேரம், ஒழுங்குபடுத்த வேண்டியதுதான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

2025-இல் இங்கே உயர் நீதிமன்றத்தில் ஒரு விஷயம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஏஐ கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த, இல்லாத தீர்ப்பு ஒன்றை மேற்கோள் காட்டியதற்காக, ஒரு வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்குத் தன் கைப்பணத்திலிருந்து 800 சிங்கப்பூர் வெள்ளி செலவுத்தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவானது. படித்ததும் உன் நினைப்புதான் வந்தது. 2023-இல் நியூயார்க் வழக்கைப் பற்றி நீ எனக்கு ஃபோனில் விளக்கினாய். விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி போட்ட சாதாரண வழக்கு. அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். உலகமே அப்போதுதான் விழித்துக்கொண்டது. நீ அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே, இயந்திரம் தேடித் தருவதை அப்படியே நம்பாதீர்கள், தீர்ப்பை முழுசாகத் திறந்து படியுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ நடத்துகிற பாடம் எவ்வளவு முக்கியமானது என்று இப்போது ஊருக்கே தெரிகிறது. உன் காலேஜுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே உச்ச நீதிமன்றம் 2024-லேயே வழிகாட்டி போட்டுவிட்டது. ஏஐ பயன்படுத்தலாம், தடையில்லை, கேட்டாலொழிய முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். ஆனால் தாக்கல் செய்கிற ஒவ்வொரு வரிக்கும் தாக்கல் செய்கிறவர்தான் பொறுப்பு. அக்டோபர் 1 முதல் நடைமுறை. நீ வகுப்பில் சொல்கிறதும் இதுதானே?

நான் லாயர் ஆபீஸில் டைப் அடித்த காலத்தில் எங்கள் பெரிய லாயர் ஒரு விதி வைத்திருந்தார். மேற்கோள் காட்டுகிற தீர்ப்பின் நகல் மேசையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை அடிக்கக் கூடாது. பள்ளி விடுமுறையில் உன்னை ஆபீஸுக்குக் கூட்டிப் போவேன். நான் அடித்த அஃபிடவிட்டை, அதாவது சத்தியப் பிரமாண வாக்குமூலத்தை, நீ மூலத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பாய், கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் சேர்த்து. நான் என் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவேன். ஒரு நாள் நீ நிறுத்திவிட்டு, "அம்மா, இங்கே வருஷம் சதுர அடைப்புல இருக்கு, அங்கே வட்ட அடைப்புல இருக்கு, ஏன்?" என்றாய். வருஷத்தை வைத்துத்தான் அந்தத் தீர்ப்புத் தொகுதியைத் தேட முடியும் என்றால் சதுரம், தொகுதிக்குத் தனி எண் இருந்தால் வட்டம் என்று சொன்னேன். ஆபீஸில் அதை யாரும் கேட்டதே இல்லை. இந்தப் பிள்ளை சட்டத்தில்தான் போய் நிற்கும் என்று அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன்.

2000-இல் வழக்குகளை மின்னணு முறையில் தாக்கல் செய்ய வேண்டும் என்று வந்தபோது ஆபீஸில் பழைய கிளார்க்குகள் கலங்கிப் போனார்கள். கட்டுக் கட்டாகக் கோப்புகளைச் சுமந்துபோய் பதிவகத்தில் வரிசையில் நின்றே பழகினவர்கள். அப்புறம் 2013-இல் அந்த முறையும் மாறி இலிட்டிகேஷன் என்ற புதிய மின்னணு முறை வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அஃபிடவிட்டின் முதல் பக்கத்தில் வலது மேல் மூலையில் எந்தத் தரப்பு, யார் சொல்கிறார், எத்தனையாவது அஃபிடவிட், என்ன தேதி என்று நான்கையும் எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆக, கருவி தெரிந்தவர்களும் வேண்டும், எழுத்து தெரிந்தவர்களும் வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? என் மகள் ஒருத்தி.

பெரியம்மா பேத்தியின் காதுகுத்துக்கு பிஜிபி மண்டபத்துக்குப் போயிருந்தோம். பெரியம்மா எல்லோர் முன்னாலும், "உன் மக லா காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாளாமே, அதுக்கா என்யுஎஸ் யுனிவர்சிட்டியில லா படிச்சா?" என்றாள். நான் விடவில்லை. ஒரு மாணவன் குறிப்பு எழுதிக் கொண்டுவந்தால், சட்டப் பிரச்சினை எது, விதி எது, அந்த விதி இந்த உண்மைகளுக்கு எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று வரிவரியாகப் பார்த்து, ஓரத்தில் எழுதி, அப்புறம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பேசுவாள், அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறவர் வருஷத்துக்கு ஒரு பரீட்சைத் தாள் திருத்தினால் முடிந்தது, இவள் வருஷம் பூரா திருத்துகிறாள் என்றேன். பெரியம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆனால் கண்ணு, பெரியம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. போன முறை வந்தபோது உங்கள் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் லா காலேஜ்களுக்கு வைத்திருக்கிற 405-ஆம் விதியைக் காட்டினாயே, அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்தேன். சட்ட உதவி கிளினிக் நடத்துகிறவர்களுக்கு நிரந்தரப் பதவிக்கு ஏறக்குறைய நிகரான பாதுகாப்பு. அடுத்த பிரிவில் சட்ட எழுத்து ஆசிரியர்களுக்கு, நல்ல ஆட்களை ஈர்த்துத் தக்கவைத்துக்கொள்ளவும் கல்விச் சுதந்திரத்தைக் காக்கவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு. எவ்வளவு தேவை என்று யார் முடிவு செய்வது? காலேஜ்தான். இதே சங்கம் 303-இல் முதலாண்டில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று எழுத்துப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பாடம் கட்டாயம், பாடம் நடத்துகிறவளுக்கு மட்டும் ஒப்பந்தம். அந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான் என்று நீயே சொன்னாய். இது எனக்கு ஒப்பவே இல்லை.

உன் ஒப்பந்தத்தைப் பற்றி மார்ச்சில் குழு கூடும் என்றாய். மார்ச் போய்விட்டது. தமிழ்ப் புத்தாண்டுக்குப் பேசினபோது வடை சுட்டியா, பாயசம் வைத்தாயா என்று நீ என்னைக் கேட்டாயே தவிர, உன்னைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கேட்டால் உனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று கேட்கவில்லை. நீ சொன்னால் எனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று நீ சொல்லவில்லையா? அப்படி நினைக்காதே. சின்ன வயதில் மதிப்பெண் குறைந்தால்கூட என்னிடம்தான் முதலில் வந்து நிற்பாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

அப்புறம், சும்மா பேச்சுவாக்கில் தம்பி சொன்னான். உன்னுடைய எச்-1பி1 விசா, நமக்கும் சிலி நாட்டுக்காரர்களுக்கும் மட்டும் கொடுக்கிறார்களே, அது வேலையோடு சேர்ந்ததாம். வேலை நின்றால் அதிகபட்சம் 60 நாள்தான் அங்கே இருக்கலாமாம். உனக்குத் தெரியாததா. இருந்தாலும் தேதியை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள். பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்றும் பார்.

வா என்று நான் சொல்லவில்லை. உன் மாணவர்கள் உனக்கு எழுதிய கடிதங்களை நீ வாசித்துக் காட்டினபோது உன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் நான். அந்த வேலையை விடு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இங்கேயும் வேலை இருக்கிறது. என்யுஎஸ்ஸில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சட்ட ஆய்வும் எழுத்தும் தனிப் பாடமாகவே இருக்கிறது. தொழில்நுட்பமும் சட்டமும் என்று அங்கேயே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறார்கள். எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தில் கணினியையும் சட்டத்தையும் சேர்த்து ஆராய்வதற்கென்றே ஒரு மையம் 2020-இல் தொடங்கினார்கள். பார்த்து வைத்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். உன் அறையில் தம்பியின் பெட்டிகள் கொஞ்சம் கிடக்கின்றன. வீடு முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

காலேஜில் உனக்கு ஏதாவது கடிதம் கொடுத்திருந்தால், நல்லதோ கெட்டதோ, அதை அப்படியே எனக்கு ஸ்கேன் செய்து அனுப்பு. என்ன வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள், எந்தத் தேதி போட்டிருக்கிறார்கள், மறுபரிசீலனை கேட்க நாள் வைத்திருக்கிறார்களா என்று நான் படித்துப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேருடைய பணிநீக்கக் கடிதங்களைக் கோப்பில் பார்த்தவள் நான். இப்போது நமக்குச் சரியாக 12 மணி நேர வித்தியாசம், ஞாயிற்றுக்கிழமை உன் காலை 9 மணிக்குக் கூப்பிடு, அப்பா சீக்கிரம் தூங்கிவிடுவார், நாம் இருவரும் பேசலாம். அதற்குள் கடிதத்தை அனுப்பிவிடு. பின்பக்கம் ஏதாவது அச்சடித்திருந்தால் அதையும் சேர்த்து.

அன்புடன்,
அம்மா